கிங் கவுண்டி: எந்த கிங்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சியாட்டில் பக்கம் குடிவந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. ஆறு மாத விசாவில் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர், புதிதாக வேலையில் சேர்ந்தவர்கள், பள்ளியில் புராஜெக்ட் கொடுத்துவிட்டார்கள் என்று போன் செய்யும் குழந்தைகள் என எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: கிங் கவுண்டி என்கிறார்களே, அந்த கிங் யார்? ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

கவுண்டின்னா என்னங்க? நம்ம ஊர் மாவட்டம் மாதிரியா?

கிட்டத்தட்ட அப்படித்தான். மாநிலத்துக்குக் கீழே அடுத்த நிர்வாகப் பிரிவு. அமெரிக்கா முழுக்க மூவாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. லூசியானாவில் இதையே பாரிஷ் என்பார்கள், அலாஸ்காவில் பரோ. வாஷிங்டன் மாநிலத்தில் 39 கவுண்டிகள். ஆனால் கலெக்டர் என்று மேலிருந்து யாரையும் அனுப்புவதில்லை. கிங் கவுண்டியில் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் எக்ஸிகியூட்டிவ் ஒருவரும், 9 பேர் கொண்ட கவுன்சிலும் உண்டு. பஸ் விடுவது, தேர்தல் நடத்துவது, சொத்து வரி வாங்குவது, சிறை, பொதுச் சுகாதாரம் எல்லாம் அவர்கள் பொறுப்பு.

ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டி என்பது மாநிலச் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டது. அதனால் அதன் பெயர் விஷயத்தில் கடைசி வார்த்தை மாநிலச் சட்டமன்றத்துடையது. பின்னால் இது தேவைப்படும்.

நாங்க இருக்கிறது பெல்வியூ. எங்க அட்ரஸ்ல கிங் கவுண்டின்னு எங்கயுமே வரலையே?

வராது. தபால் முகவரியில் கவுண்டி பெயர் எழுதும் வழக்கம் இல்லை. ஆனால் சியாட்டில், பெல்வியூ, ரெட்மண்ட், ரென்டன், கென்ட் எல்லாமே கிங் கவுண்டிக்குள்தான். மொத்தம் 39 நகரங்கள். மாநிலத்தில் 39 கவுண்டி, இந்தக் கவுண்டியில் 39 நகரம் என்பது தற்செயல், குழப்பிக்கொள்ள வேண்டாம். மேற்கே பியூஜெட் சவுண்ட் கடல், கிழக்கே காஸ்கேட் மலைமுகடு. 2020 கணக்கெடுப்பில் 22,69,675 பேர். மாநிலத்திலேயே மக்கள்தொகை அதிகமுள்ள கவுண்டி இதுதான். மைக்ரோசாஃப்ட்டும் அமேசானும் இங்கே இருப்பதால் தமிழ்க் குடும்பங்களும் இங்கே நிறைய.

வீடு வாங்கிப் பாருங்கள். முதல் சொத்து வரிக் கடிதம் வரும்போது கவுண்டியின் பெயர் நன்றாகவே மனதில் பதிந்துவிடும்.

பஸ்ல ஒரு ஆளோட முகம் வரைஞ்சிருக்கே, யாரு அது? இந்த ஊர் எம்.எல்.ஏ.வா?

நண்பர் ஒருவரின் அப்பா, வந்து இறங்கிய மறுநாள் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு கேட்டது. நியாயமான கேள்விதான். பஸ்ஸின் பக்கவாட்டில் கறுப்பு வெள்ளையில் ஒரு முகம், பக்கத்தில் கவுண்டியின் பெயர். நம் ஊர்ப் பழக்கத்தில் பார்த்தால் பதவியில் இருப்பவராகத்தான் தோன்றும்.

அது மார்ட்டின் லூதர் கிங் ஜூனியர். கறுப்பின மக்களின் சம உரிமைக்காகப் போராடி, 1964இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்று, 1968இல் மெம்ஃபிஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டவர். கவுண்டியின் பெயரிலுள்ள கிங் இன்று அவர்தான். அவர் பெயரைத் தாங்கிய கவுண்டி அமெரிக்காவிலேயே இது ஒன்றுதான்.

கவுண்டி ஆரம்பிச்சது 1852ன்னு போட்டிருக்கு. அவர் அப்ப பிறக்கவே இல்லையே, கணக்கு இடிக்குதே?

இடிக்கத்தான் செய்யும். அவர் பிறந்தது 1929 ஜனவரி 15. கவுண்டி உருவானது 1852 டிசம்பர் 22. அப்போது வாஷிங்டன் என்றொரு மாநிலமே கிடையாது. இந்தப் பகுதி முழுவதும் ஆரகன் பிரதேசம். வெள்ளைக்காரக் குடியேறிகள் சியாட்டிலின் ஆல்கை முனையில் வந்து இறங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. தர்ஸ்டன் கவுண்டியிலிருந்து ஒரு பகுதியை வெட்டி எடுத்து, ஆரகன் பிரதேசச் சட்டமன்றம் கிங் என்று பெயர் வைத்தது.

அதற்கு முந்தைய மாதம்தான் அதிபர் தேர்தல் முடிந்திருந்தது. வென்றவர் ஃபிராங்க்ளின் பியர்ஸ். அவருடன் துணை அதிபராகத் தேர்வானவர் வில்லியம் ரூஃபஸ் கிங். சட்டமன்றம் ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கவுண்டிகளை உண்டாக்கி, ஒன்றுக்கு பியர்ஸ், இன்னொன்றுக்கு கிங் என்று வைத்துவிட்டது. இருவரும் பதவி ஏற்கக்கூட இல்லை. வரப்போகும் அரசை முன்கூட்டியே குளிர்வித்து வைப்பது எல்லா ஊரிலும் உள்ளதுதானே.

அந்தப் பழைய கிங் யாரு? ஒரு தடவையாவது இங்க வந்திருக்காரா?

அவர் இந்த மண்ணை மிதித்தவரே இல்லை. 1786இல் வட கரோலினாவில் பிறந்தவர். அங்கிருந்து மக்களவைக்குப் போனார். பிறகு அலபாமாவில் குடியேறி, 1819இல் அது மாநிலமானபோது அதன் முதல் இரண்டு செனட்டர்களில் ஒருவரானார். நடுவில் பிரான்ஸில் தூதராக இருந்த இரண்டு ஆண்டுகளையும் அதை ஒட்டிய இடைவெளியையும் கழித்தால், ஏறத்தாழ 29 ஆண்டுகள் செனட்டர். அலபாமாவில் பெரிய பருத்திப் பண்ணை. உழைத்தவர்கள் அடிமைகள்.

துணை அதிபர் ஆன கதை பரிதாபமானது. தேர்தலில் வென்றபோதே காசநோய் முற்றியிருந்தது. வெதுவெதுப்பான காற்று பட்டால் தேவலை என்று கியூபாவுக்குப் போனார். தலைநகருக்குத் திரும்ப முடியாததால், அவர் இருந்த இடத்திலேயே பதவிப் பிரமாணம் செய்துவைக்க அமெரிக்கக் காங்கிரஸ் தனிச் சட்டம் போட்டது. 1853 மார்ச் 24இல் மட்டன்சாஸ் அருகே பிரமாணம் எடுத்தார். வெளிநாட்டு மண்ணில் அந்தப் பதவியை ஏற்றவர் அவர் ஒருவர்தான். பிறகு கப்பலேறி அலபாமாவுக்குத் திரும்பி, பண்ணை வீட்டுக்கு வந்து சேர்ந்த மறுநாளே, ஏப்ரல் 18இல் இறந்துபோனார். துணை அதிபராக ஒரு நாள்கூட வேலை பார்க்கவில்லை. அவர் பெயரில் கவுண்டி உருவாகி அப்போது நாலு மாதம்கூட ஆகவில்லை.

அவருக்கும் அதிபர் பியூகேனனுக்கும் ஏதோ இருந்துச்சுன்னு சொல்றாங்களே?

இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தலைநகர் வாஷிங்டனில் பல ஆண்டுகள் ஒரே விடுதியில் சேர்ந்து தங்கியிருந்தார்கள். அந்தக் காலத்து அரசியல்வாதிகளே அதைக் கிண்டல் செய்திருக்கிறார்கள். அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல ஆதாரம் கிடையாது. கவுண்டியின் பெயரை மாற்றியதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சரி, பேரை மாத்தணும்னு யாருக்குத் தோணுச்சு?

1986 ஜனவரியில்தான் மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாள் முதன்முதலாக நாடு தழுவிய அரசு விடுமுறையாகக் கடைப்பிடிக்கப்பட்டது. ரேகன் கையெழுத்திட்டது 1983இல். நடைமுறைக்கு வந்தது 1986இல். அடுத்த மாதமே, பிப்ரவரி 24 அன்று, கிங் கவுண்டி கவுன்சிலில் ஒரு தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவர்கள் இரண்டு பேர்: ஜனநாயகக் கட்சியின் ரான் சிம்ஸ், குடியரசுக் கட்சியின் புரூஸ் லைங். பழைய கிங் அடிமைகளை வைத்திருந்தவர், இனி இந்தப் பெயர் மார்ட்டின் லூதர் கிங்கைக் குறிக்கட்டும் என்பது தீர்மானத்தின் சாரம்.

ஐந்துக்கு நாலு என்று ஒரே ஓட்டில் நிறைவேறியது. இன்று எல்லாரும் பெருமையாகப் பேசும் இந்த விஷயம், அன்று ஒருவர் கை தூக்காமல் இருந்திருந்தால் நடந்திருக்காது.

ஒருத்தர் 1986ங்கிறார், இன்னொருத்தர் 2005ங்கிறார். எது சரி?

இரண்டும் சரி. முதல் பதிலில் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இங்கேதான் வருகிறது. கவுன்சில் தீர்மானம் போட்டது கவுண்டியின் விருப்பத்தைச் சொன்னதாக ஆனதே தவிர, மாநிலச் சட்டத்தில் எதுவும் மாறவில்லை. சட்டப்படி 19 ஆண்டுகள் கழித்தும் அது செத்துப்போன துணை அதிபரின் கவுண்டியாகவே இருந்தது.

மாநிலச் சட்டமன்றம் 2005இல்தான் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் கிறிஸ்டின் கிரெகோயர் ஏப்ரல் 19 அன்று கையெழுத்திட்டார். ஜூலை 24 முதல் அமலுக்கு வந்தது. 1986இல் தீர்மானம் கொண்டுவந்த அதே ரான் சிம்ஸ்தான் அப்போது கவுண்டியின் எக்ஸிகியூட்டிவ். புராஜெக்ட் எழுதும் பிள்ளைகள் இரண்டு தேதியையும் எழுதிவிட்டால் டீச்சர் மார்க் குறைக்க முடியாது.

பேர் கிங்குன்னுதான் இருந்தது, கிங்குன்னுதான் இருக்கு. அப்புறம் என்னத்தை மாத்துனாங்க?

இதைக் கேட்காத ஆளே இல்லை. எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. ‘மார்ட்டின் லூதர் கிங் கவுண்டி’ என்று நீட்டவும் இல்லை. வெறும் கிங் கவுண்டிதான். அந்தச் சொல் யாரைக் குறிக்கிறது என்பது மட்டும் மாறியது. பத்திரம், பட்டா, லைசென்ஸ் எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை. கிங் கவுண்டி என்று 1900இல் எழுதிய கிரயப் பத்திரம் இன்றும் அப்படியே செல்லும்.

செலவில்லாமல் புண்ணியம் தேடிக்கொண்டார்கள் என்று கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. நானும் வந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள்: 1986க்கு முன்பு இங்கே வளர்ந்த எத்தனை பேருக்கு வில்லியம் ரூஃபஸ் கிங் யார் என்று தெரிந்திருக்கும்? யாரும் நினைக்காத ஒருவருடைய பெயராக அது கிடந்தது. இப்போது இரண்டாம் வகுப்புக் குழந்தைகூட பஸ்ஸைக் காட்டிப் பெயர் சொல்கிறது. சும்மா கிடந்த பெயரை யாரோ எடுத்து உடுத்திக்கொண்ட மாதிரிதான் எனக்குத் தோன்றுகிறது.

முன்னாடி கிரீடம் சின்னம் இருந்ததாமே?

இருந்தது. கிங் என்றால் ராஜா, ராஜா என்றால் கிரீடம். அவ்வளவுதான் யோசனை. பழைய கிங்கும் ராஜா இல்லை, புது கிங்கும் ராஜா இல்லை. ராஜாவே வேண்டாம் என்று சண்டை போட்டுப் பிறந்த நாட்டில் ஒரு கவுண்டி தலையில் கிரீடத்தைச் சுமந்துகொண்டிருந்தது. 2006இல் சின்னத்தை மாற்றக் கவுன்சில் முடிவெடுத்து, 2007 மார்ச்சில் இப்போதைய முகச் சின்னம் வந்தது. இதிலும் ஒரே நாளில் எல்லாவற்றையும் தூக்கி எறியவில்லை. தாள் தீர்ந்தபோது புதுத் தாள், வண்டிக்கு வர்ணம் அடிக்கும் முறை வந்தபோது புதுச் சின்னம் என்று மெல்ல மெல்ல மாற்றினார்கள்.

மார்ட்டின் லூதர் கிங்காவது இங்க வந்திருக்காரா?

ஒரே ஒரு தடவை, 1961 நவம்பரில். மவுண்ட் சயன் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகர் சாமுவேல் மெக்கின்னி, மோர்ஹவுஸ் கல்லூரியில் கிங்கோடு படித்தவர். அவர் கூப்பிட்டு வந்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியிலும் பேசினார். கூட்டத்துக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்த ஒரு தேவாலயம் கடைசியில் கைவிரித்துவிட்டது. வேறு அரங்கத்துக்கு மாற்றி நடத்தினார்கள். பிற்காலத்தில் தன் பெயரையே சூட்டிக்கொண்ட ஊர், அன்று அவருக்கு ஒரு கூரை கொடுக்க யோசித்திருக்கிறது.

பெற்றோர்களுக்கு இதோடு இன்னொன்றும் சொல்வேன். இங்கே வருவதற்கு இரண்டு வருடம் முன்பே, 1959இல், அவர் நம் பக்கம் வந்துவிட்டார். மனைவி கொரெட்டாவுடன் ஒரு மாத இந்தியப் பயணம். அதில் சென்னையும் கன்னியாகுமரியும் உண்டு. குமரி முனையில் சூரியன் மறைவதையும் நிலா எழுவதையும் பார்த்ததைப் பின்னர் ஒரு பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார்.

அவர் பேரே மாத்தின பேர்தான்னு படிச்சேன். உண்மையா?

உண்மை. பிறந்தபோது வைத்த பெயர் மைக்கேல் கிங். அப்பாவும் மைக்கேல் கிங்தான். அப்பா பாப்டிஸ்ட் போதகர். 1934இல் உலகப் பாப்டிஸ்ட் மாநாட்டுக்காக பெர்லின் போய்வந்தவர், ஜெர்மனியின் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் பெயரைத் தனக்கும் மகனுக்கும் வைத்துக்கொண்டார். பிறப்புச் சான்றிதழில் திருத்தம் ஏறியது 1957இல். நல்லவேளை, மாற்றியது முன்பாதியை. கிங்கை மாற்றியிருந்தால் இந்தக் கவுண்டிக்கு வழியே இருந்திருக்காது.

ரெண்டு கிங்குக்கும் வேற ஏதாவது தொடர்பு இருக்கா?

ரத்த உறவு கிடையாது. ஆனால் ஊர் ஒன்று இருக்கிறது. அலபாமா ஆற்றங்கரையில் செல்மா என்ற நகரத்தை உருவாக்கியவர்களில் வில்லியம் ரூஃபஸ் கிங் ஒருவர். ஓசியன் என்ற பழங்கால ஸ்காட்லாந்துக் கவிஞரின் பெயரில் வந்த கவிதைகளிலிருந்து அந்தப் பெயரை எடுத்துக் கொடுத்தவரும் அவரே. அவருடைய கல்லறையும் அங்கேதான்.

அந்த செல்மாவில்தான் 1965 மார்ச் 7 அன்று, ஓட்டுரிமை கேட்டு நடந்தவர்களைப் பாலத்தில் வைத்துப் போலீஸ் அடித்து நொறுக்கியது. இரண்டு வாரம் கழித்து, மார்ச் 21 அன்று, அதே பாலத்தைத் தாண்டி மாண்ட்கோமரி வரை மார்ட்டின் லூதர் கிங் நடத்திச் சென்ற ஊர்வலம் கிளம்பியது. ஆகஸ்டில் ஓட்டுரிமைச் சட்டம் கையெழுத்தானது. அடிமைகளை வைத்திருந்தவர் பெயர் வைத்த ஊரில், அவர் இறந்து 112 ஆண்டுகள் கழித்து, அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியார் ஓட்டுக்காக நடந்தார்கள். கவுண்டி கவுன்சில் இதையெல்லாம் யோசித்துத் தீர்மானம் போட்டதா என்பது வேறு. எனக்கு இந்த மொத்தக் கதையிலும் உடம்பு சிலிர்ப்பது இந்த இடத்தில்தான்.

நியூயார்க்குலயும் கிங்ஸ் கவுண்டி இருக்கே. அதுவும் இவர்தானா?

இல்லை. புரூக்ளின்தான் கிங்ஸ் கவுண்டி. அது இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ். 1683இல் வைத்த பெயர், நிஜ ராஜா. கலிஃபோர்னியாவின் கிங்ஸ் கவுண்டி, கிங்ஸ் நதியால் வந்தது. அந்த நதிக்கு ஸ்பானியர்கள் வைத்த பெயர், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களைக் குறிப்பது. டெக்சாஸில் எஸ் இல்லாத கிங் கவுண்டியே ஒன்று உண்டு. அது அலமோ போரில் இறந்த வில்லியம் பிலிப் கிங் என்ற இளைஞனின் பெயர். அங்கே மொத்த மக்கள்தொகை 2020இல் 265. ஆன்லைனில் படிவம் நிரப்பும்போது மாநிலத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடிமை வச்சிருந்தவர் பேர் வேண்டாம்னா, பக்கத்துல பியர்ஸ் கவுண்டியை மட்டும் ஏன் விட்டு வச்சாங்க?

நல்ல கிடுக்கிப்பிடி. பியர்ஸும் உத்தமர் இல்லை. தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் சட்டத்தைக் கறாராக அமல்படுத்தியவர். 1854இல் கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டத்தில் கையெழுத்திட்டு, புதிய பிரதேசங்களுக்கு அடிமைமுறை பரவக் கதவைத் திறந்துவிட்டவர். ஆனால் அவரே அடிமைகளை வைத்திருந்தவர் அல்ல. அது ஒரு வித்தியாசம். இன்னொன்று, மனம்விட்டுச் சொன்னால், வசதி. பியர்ஸ் என்ற பெயரில் எல்லாரும் கொண்டாடும் இன்னொருவர் கிடைக்கவில்லை. கிங்குக்குக் கிடைத்தார்.

இதே வழியை அயோவா மாநிலத்தில் ஒரு கவுண்டி பின்பற்றியது. துணை அதிபராக இருந்த ரிச்சர்ட் மென்டர் ஜான்சன் பெயரில் இருந்த ஜான்சன் கவுண்டியை, 2021இல் லூலு மெர்லி ஜான்சன் பெயருக்கு மாற்றினார்கள். முன்னவர் அடிமைகளை வைத்திருந்தவர். பின்னவர் 1941இல் அயோவா பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்மணி. அங்கேயும் ஒரு எழுத்து மாறவில்லை. பெயரையே மாற்றிய இடங்களும் உண்டு: தென் டகோட்டாவின் ஷானன் கவுண்டி, மக்கள் ஓட்டுப்போட்டு 2015இல் ஓக்லாலா லகோட்டா கவுண்டி ஆனது.

கிங், பியர்ஸ் எல்லாம் வந்தேறிங்க வச்ச பேர். இங்க ஆதியில இருந்தவங்க பேர் என்னாச்சு?

டுவாமிஷ், சுக்வாமிஷ், ஸ்னோக்வால்மி, மக்கல்ஷூட் என்று பல மக்கள் இங்கே வாழ்ந்தார்கள், வாழ்கிறார்கள். அவர்கள் பேசியது லஷூட்சீட் மொழி. கவுண்டிக்கு அந்த மொழியில் பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை, தலைநகருக்கு வைத்தார்கள். சியாட்டில் என்பது டுவாமிஷ், சுக்வாமிஷ் தலைவராக இருந்தவரின் பெயர். அவர் பெயரின் ஒலி வெள்ளைக்காரர்கள் வாயில் நுழையாமல் சிதைந்துதான் சியாட்டில் ஆனது. 1855இல் பாயின்ட் எலியட் ஒப்பந்தத்தில் அவர் கைநாட்டு வைத்தார். நிலம் போயிற்று, பெயர் நின்றது. கிங்கைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசிவிட்டு இதை ஒரு பத்தியில் முடிப்பது எனக்கே உறுத்துகிறது. ஆனால் என்னிடம் இதைக் கேட்டவர் இதுவரை ஒரே ஒருவர்தான்.

1986க்கு முன்னாடி இந்தப் பக்கம் பேர் மாத்தின கதை வேற ஏதும் உண்டா?

ஏகப்பட்டது. மாநிலத்தின் பெயரே அப்படித்தான். குடியேறிகள் கேட்டது கொலம்பியா என்று. தலைநகர் இருக்கும் கொலம்பியா மாவட்டத்தோடு குழப்பம் வரும் என்று 1853இல் காங்கிரஸ் வாஷிங்டன் என்று மாற்றிக் கொடுத்தது. குழப்பம் எவ்வளவு தீர்ந்தது என்பது, ஊருக்கு போன் செய்து ‘வாஷிங்டனில் இருக்கிறேன்’ என்று சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எனக்குப் பிடித்தது ஆபர்ன் கதை. கிங் கவுண்டியின் தெற்கே இருக்கிறதே, அதே ஆபர்ன். 1855இல் அங்கே பூர்வகுடிகளோடு நடந்த சண்டையில் லெஃப்டினன்ட் ஸ்லாட்டர் என்ற ராணுவ அதிகாரி இறந்தார். அவர் நினைவாக, கிங் கவுண்டியிலிருந்தும் ஜெஃபர்சனிலிருந்தும் 1857இல் பிரித்த ஒரு கவுண்டிக்கு ஸ்லாட்டர் என்று வைத்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் அதே வருடம் ஓட்டுப்போட்டு கிட்சாப் என்று மாற்றிக்கொண்டார்கள். ஆபர்ன்காரர்கள் விவரமில்லாமல் பின்னாளில் தங்கள் ஊருக்கு அதே பெயரை வைத்துக்கொண்டார்கள். அவர் குடும்பப் பெயர் அது, பாவம். ஆனால் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வெட்டிச் சாய்ப்பது. ஊரிலிருந்த ஹோட்டலின் பெயர் ஸ்லாட்டர் ஹவுஸ், அதாவது கசாப்புக்கூடம். ரயிலில் வந்து இறங்கும் பயணிகளிடம், ‘கசாப்புக்கூடத்துக்கு இப்படி வாங்க’ என்று ஹோட்டல் ஆட்கள் கூவிக் கூப்பிடுவார்களாம். 1893இல் பெயரை மாற்றிவிட்டார்கள்.